காவிரியின் தண்ணீர்ப் புலியும் ஒரு களி உருண்டையும்

காவிரி என்றதும் நம்மவர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மேட்டூர் நீர்மட்டம், டி.எம்.சி. கணக்கு, சுப்ரீம் கோர்ட், பஸ் நிறுத்தம். மிஞ்சிப் போனால் ஆடிப் பெருக்கு. மீன் ஞாபகம் வருமா? ஹொகேனக்கல் போய் வந்தவர்களுக்கு மட்டும் வரும். அதுவும் தட்டில் மசாலா தடவிப் பொரித்துக் கொடுத்த துண்டு மீனாகத்தான் இருக்கும்.

ஆனால் இதே காவிரியைப் பற்றி இங்கிலாந்தில் தூண்டிலும் கையுமாக அலையும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீர்ப் பிரச்சினை அவருக்குத் தெரியாது. பெங்களூருக்குத் தெற்கே, காட்டுக்குள், பாறைகளுக்கு நடுவே ஓடும் ஒரு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் காவிரியைப் பற்றிக் கண்கள் விரியப் பேசுவார். காரணம் ஒரே ஒரு மீன். மகாசீர். அதிலும் முதுகில் திமில் உள்ள காவிரி மகாசீர்.

1946 மார்ச் 22-ம் தேதி மைசூர் பக்கம் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மகாசீரின் எடை 120 பவுண்டு. அதாவது 54 கிலோவுக்கும் மேலே. நம் வகுப்பில் பாதிப் பேர் அந்த எடை தேற மாட்டார்கள்! இந்த வான் இங்கன் குடும்பம் யாரென்றால், மகாராஜாக்கள் சுட்ட புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்து கொடுத்துக்கொண்டிருந்த மைசூர்க் குடும்பம். ஆயிரக்கணக்கான புலிகளைப் பார்த்த வீட்டில் ஒரு மீனுக்கு மரியாதை கிடைத்தது என்றால் அது சாதாரண மீனாக இருக்க முடியாது.

இத்தனைக்கும் மகாசீர் கெண்டைக் குடும்பம்தான். மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் கிடக்கும் ரோகுவுக்கும் கட்லாவுக்கும் தூரத்துச் சொந்தம். தாடையில் ஒரு பல் கூடக் கிடையாது. அப்புறம் எப்படி வேட்டையாடுகிறது? பல் தொண்டைக்குள் இருக்கிறது. சதைப்பற்றான தடித்த உதடுகளால் இரையை உறிஞ்சி உள்ளே இழுத்து, தொண்டைப் பற்களால் நொறுக்கிவிடும். ஓட்டோடு நண்டு, ஓட்டோடு நத்தை, முழுசாகச் சின்ன மீன், எதுவானாலும் சரி. கரையோர மரத்திலிருந்து பழம் விழுந்தால் அதையும் விடாது. சுத்த அசைவம் என்று சொல்ல முடியாது, கிடைத்ததைத் தின்னும் ஜாதி. உடம்பை மூடியிருக்கும் செதில்கள் பெரிய மீனில் உள்ளங்கை அளவுக்கு வரும். இந்தக் காவிரி ரகத்துக்குத் துடுப்புகள் ஆரஞ்சு நிறம், தலைக்குப் பின்னால் முதுகு மேடிட்டுக் கிளம்பும். கன்னடத்தில் பிளி மீனு, அதாவது வெள்ளை மீன், என்பார்கள்.

சரி, இதை எப்படிப் பிடிக்கிறார்கள்?

இங்கேதான் வேடிக்கை. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய ராடு, ரீல், நாற்பது ஐம்பது பவுண்டு இழுவை தாங்கும் தங்கூசி, விரல் நீளத்துக்குத் தூண்டில் முள். இத்தனையும் விமானத்தில் வந்து இறங்கும். ஆனால் முள்ளில் குத்துவது என்ன தெரியுமா? ராகிக் களி! மண்டியா, ராமநகரம் பக்கம் தினமும் வீட்டில் கிண்டுகிற அதே ராகி முத்தே. கேழ்வரகு மாவைக் கெட்டியாகப் பிசைந்து, வேகவைத்து, மறுபடி பிசைந்து, எலுமிச்சை அளவிலிருந்து ஆரஞ்சுப் பழ அளவு வரைக்கும் உருட்டுவார்கள். சிலர் சோம்பு மாதிரி வாசனைச் சரக்குகளையும் சேர்ப்பதுண்டு. எதைச் சேர்ப்பது என்பது அவரவர் ரகசியம், பிரியாணி மாஸ்டர்கள் மாதிரி. உருண்டை ஆற்றின் வேகத்தில் கரையக்கூடாது, ஆனால் மீன் வாயில் போனதும் முள் வெளியே வரும்படி இளகவும் வேண்டும். இந்தப் பதம் கைப்பழக்கத்தில்தான் வரும். களி இல்லாவிட்டால் ஆற்று நண்டு அல்லது சின்ன மீன்.

இடம் பார்ப்பது அடுத்த வித்தை. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நுரைத்துப் பாயும் இடத்துக்குக் கீழே ஆழமான மடு இருக்கும். பாய்ச்சலும் மடுவும் சேரும் விளிம்பில்தான் பெரிய மீன் நிற்கும். மேலிருந்து அடித்துவரும் இரை தானாக வாய்க்கு வரும் இடம் அது. அங்கே உருண்டையை எறிந்து, ஈயம் அடியில் உட்கார்ந்ததும், பாறை மேல் குந்திக்கொண்டு விரலைத் தங்கூசி மேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும். எதிர்க்கரையில் யானை தண்ணீர் குடிக்க வரும். கீழே மணல் திட்டில் முதலை வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தும் சின்னக் குஞ்சுகள் களியைக் கொறித்துக் காலி பண்ணியதைத் தவிர ஒன்றும் நடக்காமல் போகலாம்.

கடித்தால் மட்டும் சந்தேகமே வராது. ராடு கையோடு போகப் பார்க்கும். கொக்கியில் மாட்டிய முதல் நிமிடத்தில் மகாசீர் ஓடும் ஓட்டத்துக்குத்தான் உலகம் முழுக்க இத்தனை பேர். நேராகப் பாய்ச்சலுக்குள் புகுந்து நூறு மீட்டர் தங்கூசியை உருவிக்கொண்டு போய், பாறையைச் சுற்றி வளைத்துவிடும். பாறை விளிம்பில் உரசினால் எவ்வளவு விலையுள்ள தங்கூசியும் அறுந்துதான் ஆக வேண்டும். உடனே பரிசல்காரர் துடுப்பைப் போட்டு அந்தப் பாறைக்கே போய், மேல் பக்கமிருந்து தங்கூசியை விடுவிக்க வேண்டும். கரையில் நிற்பவர் பேர் வாங்குவார், பாதி வேலை பரிசலில் நடக்கும். இந்த உள்ளூர் உதவியாளர்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'கில்லி' (விஜய் படம் இல்லை, ஸ்காட்லாந்துச் சொல்). எந்த மடுவில் எந்த மாதத்தில் மீன் நிற்கும், உருண்டை எங்கே விழ வேண்டும் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

மீன் களைத்துக் கரைக்கு வந்தால் எடை, ஒரு போட்டோ. பிறகு தண்ணீருக்குள்ளேயே ஓட்டத்துக்கு எதிரே தலையை வைத்துப் பிடித்துக்கொண்டு, செவுள் சீராக அசையத் தொடங்கியதும் கையை விட்டுவிட வேண்டும். மீன் போய்விடும். அவ்வளவுதான். சமையலும் கிடையாது, சாப்பாடும் கிடையாது.

'பிடிச்சு விடறதுக்கா இவ்வளவு பாடு?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1873-ல் மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஆங்கிலேயர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் சால்மன் மீனை விட மகாசீர் பலசாலி என்று அதில் துணிந்து சொல்லிவிட்டார். அன்றிலிருந்து துரைமார்கள் லீவு போட்டு ஆற்றங்கரைக்குக் கிளம்பினார்கள். புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கூட இமயமலை மகாசீரைப் பற்றித் தன் குமாவுன் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார்கள் போனார்கள், ஆற்றில் வெடி வந்தது. மடுவில் ஒரு தோட்டாவைக் கொளுத்திப் போட்டால் பெரிசு, சிறிசு, குஞ்சு, முட்டை எல்லாம் சேர்த்து மிதக்கும். பெரிய மகாசீர் இனிக் கிடையாது என்றே வெளிநாட்டில் நம்பினார்கள். 1970-களின் கடைசியில் மூன்று இங்கிலாந்து இளைஞர்கள் தேடிக்கொண்டு வந்து, காவிரியில் அது இன்னும் இருக்கிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பீமேஸ்வரி, தொட்டமக்களி, கலிபோரே என்று ஆற்றங்கரை முகாம்கள் பிரபலமாயின. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் நடத்தியவை இவை. 1972-ல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கமும் ஆற்றின் ஒரு பகுதியைப் பார்த்துக்கொண்டது. பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டமானது.

முக்கியமான விஷயம், முகாமில் வேலைக்கு வந்தவர்கள் யார் என்பது. நேற்று வரை வெடி போட்டவர்களும் இரவு வலை விட்டவர்களும்தான். செத்த மீனை ஒரு முறைதான் விற்கலாம், உயிரோடு இருக்கும் மீனை வருஷா வருஷம் வெள்ளைக்காரர்களுக்குக் காட்டிச் சம்பளம் வாங்கலாம் என்ற கணக்கு புரிந்தவுடன் அவர்களே காவல் காத்தார்கள். காட்டிலாகா ஜீப் போக முடியாத பாறை இடுக்கெல்லாம் அவர்களுக்குப் பாதை.

இந்த ஏற்பாட்டில் உறுத்தல் இல்லாமல் இல்லை. ஆற்றங்கரைக் கிராமத்தான் குழம்புக்கு நாலு மீன் பிடித்தால் திருடன், டாலர் கொடுத்தவர் அதே மீனின் வாயில் முள்ளைக் குத்திப் போட்டோ எடுத்தால் விளையாட்டு வீரர்! தாத்தா காலத்திலிருந்து வலை போட்ட ஆற்றில் ஒருவன் கூலிக்குப் பரிசல் தள்ளுகிறான். இதில் ஜமீன்தார் வாசனை அடிக்கத்தான் செய்கிறது. மீனுக்கு வலிக்காதா என்பவர்களுக்கும் சுலபமான பதில் இல்லை. அரைமணி நேரம் உயிரைக் கொடுத்து இழுத்த மீன் களைத்துப் போகிறது. விடுவதற்கு முன் சரியாகத் தேற விடாவிட்டால் கீழே போய்ச் செத்தும் போகும். இதை விளையாட்டு என்று சொல்ல மனசு வராதவர்கள் இருந்தால் அவர்கள் தப்பானவர்கள் அல்ல.

அப்படிப்பட்ட எண்ணமும் சட்டமும் சேர்ந்துதான், சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று முடிவாகி, 2012 வாக்கில் அந்த முகாம்களில் தூண்டில் நின்றது. காகிதத்தில் பார்த்தால் நல்ல முடிவு. சரணாலயம் என்றால் சரணாலயமாக இருக்கட்டுமே?

ஆனால் மீன் பிடிக்க ஆள் வரவில்லை என்றால் கில்லிக்கு ஏது சம்பளம்? சம்பளம் இல்லாவிட்டால் ராத்திரி ஆற்றங்கரையில் யார் விழித்திருப்பது? காவல் தளர்ந்ததும் வெடியும் வலையும் திரும்பின என்று அந்த ஆற்றைத் தெரிந்த ஆராய்ச்சியாளர்களும் தூண்டில்காரர்களும் சொல்கிறார்கள். போனது காவல் மட்டுமல்ல, ஒரு நோட்டுப் புத்தகமும் போனது. யாரும் அதிகம் பேசாத நஷ்டம் அது.

கலிபோரே முகாமில் தூண்டில் போட்ட ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார், என்ன மீன், என்ன எடை என்று பதிவு செய்வது வழக்கம். 1998 முதல் 2012 வரைக்கும் அப்படிச் சேர்ந்தது 20,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட தூண்டில் கணக்கு, 6,000-க்கும் அதிகமான மகாசீர்கள். பெரியது 104 பவுண்டு. இந்தியாவில் ஓர் ஆற்று மீனைப் பற்றி இவ்வளவு நீண்ட கணக்கு அபூர்வம். அரசாங்கம் எடுத்ததல்ல, பொழுதுபோக்க வந்தவர்கள் எழுதி வைத்தது. பின்னால் விஞ்ஞானிகள் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் பார்வைக்குச் செய்தி சந்தோஷமானது. வருஷத்துக்கு வருஷம் மீன் கூடியிருக்கிறது, காவல் பலித்திருக்கிறது.

இரண்டாவது பார்வையில்தான் இடி விழுந்தது. கூடியது வேறு மீன்.

நீலத் துடுப்பு மகாசீர் என்று ஒன்று உண்டு. கிருஷ்ணா ஆற்றுப் படுகையின் மீன், புனே பக்கத்து ஆறுகளில் முதலில் அடையாளம் கண்டது. மகாசீர் அழிகிறதே என்ற கவலையில் மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் 1970-களில் குஞ்சு பொரிப்பகம் தொடங்கியது. நல்ல எண்ணம்தான். செயற்கையாகப் பொரித்த லட்சக்கணக்கான குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின. காவிரியிலும் கொட்டினார்கள். மீன்துறைக்கும் மகிழ்ச்சி, தூண்டில்காரர்களுக்கும் மகிழ்ச்சி, மகாசீர் மகாசீர்தானே! வந்த மீன் காவிரியில் நன்றாக வேர் பிடித்துக்கொண்டது. சொந்த ஊர்க்காரனான ஆரஞ்சுத் துடுப்புத் திமில் மகாசீர் கணக்கில் தேய்ந்துகொண்டே வந்தது. மாட்டிய சிலவும் வர வரப் பெரியதாகவே இருந்தன. இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். பெரிசுகள் மட்டும் கிடைக்கிறது என்றால் குஞ்சுகள் பிழைத்து வரவில்லை என்று அர்த்தம். கிழவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமம் மாதிரி.

பெயர் விஷயத்தில் நடந்த கூத்து இன்னும் மோசம். நூறு வருஷத்துக்கு மேலாக உலகமே கொண்டாடிய இந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் கிடையாது! கேரளத்தில் பாம்பாறு என்று ஓர் ஆறு, சின்னாறு காடு வழியாக வந்து நம் அமராவதியில் சேர்ந்து காவிரிக்கு வருவது. அங்கே கிடைத்த சிறிய மீன்களை வைத்து இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு புது இனத்தை விவரித்து, மீனியல் அறிஞர் ரமாதேவி பெயரால் 'டோர் ரமாதேவி' என்று வைத்திருந்தார்கள். அந்தக் குட்டி மீன்தான் 54 கிலோ ராட்சசனின் பிள்ளை என்பது 2018-ல் மாயாற்று மீன்களோடு ஒப்பிட்ட பிறகுதான் உறுதியானது. அதே வருஷம் நவம்பரில் சிவப்புப் பட்டியலில் 'மிக மிக ஆபத்தான நிலை' என்ற வரிசையில் சேர்த்தார்கள். பெயர் வைத்துப் பிறப்புச் சான்றிதழ் வாங்கிய கையோடு ஐ.சி.யூ.!

ஆகவே தடை சரியா தப்பா என்ற பட்டிமன்றத்தில் இரண்டு கட்சியுமே பாதி உண்மையைத்தான் பேசுகிறது. தூண்டில்காரர்கள் 'நாங்கள் காப்பாற்றினோம்' என்கிறார்கள். காப்பாற்றினீர்கள் சரி, எந்த மீனை? இன்னொரு ஆற்றுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டபோது கை தட்டியவர்களில் நீங்களும் உண்டே? தடை போட்டவர்கள் 'ஆற்றைத் தொடாமல் விட்டோம்' என்கிறார்கள். யாரும் பார்க்காத ஆற்றைத் தொடாமல் விடுவதும், கதவைப் பூட்டாமல் ஊருக்குப் போவதும் ஒன்றுதான்.

தூண்டிலைத் திரும்பக் கொண்டுவரலாம், ஆனால் பழைய மாதிரி அல்ல. திமில் மகாசீர் ஏறக்குறைய இல்லாமலே போன நடுக்காவிரியில், உள்ளூர்க் கிராமத்தாரைக் கூலிக்காரராக அல்லாமல் பங்குதாரராக வைத்துக்கொண்டு அனுமதிக்கலாம். ஒவ்வொரு மீனும் நோட்டில் ஏற வேண்டும், துடுப்பின் நிறத்தோடு. ஆரஞ்சுத் துடுப்பு மாட்டினால் தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட வேண்டும், போட்டோ மண்ணாங்கட்டி எல்லாம் கிடையாது. நீலத் துடுப்பு மாட்டினால் எதற்கு விட வேண்டும்? அது வந்தேறி மீன். சொந்த ஆற்றில் அதற்கு அவ்வளவு ஆபத்தும் இல்லை. பரிசல்காரர் வீட்டுக் குழம்புக்குப் போகட்டுமே. இதைக் கேட்டால் பிடித்து விடும் கட்சிக்காரர்களுக்குக் கோபம் வரும், மகாசீரைச் சாப்பிடுவதா என்று. வரட்டும். பிடித்ததை விடுவது ஒரு வழிமுறைதான், வேதம் அல்ல. புதிதாகக் குஞ்சு விடுவதை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும், எந்த மகானுபாவர் கொண்டுவந்தாலும்.

மாயாற்றுக்கு இந்தச் சலுகை கூடாது. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே இறங்கி, சத்தியமங்கலம் காட்டு வழியாகத் தெங்குமரஹாடா பக்கம் ஓடிப் பவானிசாகரில் விழுகிறதே, அந்த ஆற்றில்தான் திமில் மகாசீருக்கு இன்று மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடம். நம் தமிழ்நாட்டுக்குள்! அங்கே ஒரு முள் கூட விழக்கூடாது. புலிகள் காப்பகம் என்ற பெயரில் கிடைக்கும் காவல் அங்கே தண்ணீருக்குள்ளும் இறங்க வேண்டும். கோயில் துறையில் மீனைக் காப்பாற்றத் தெரிந்த மக்கள்தான் நாமும். கர்நாடகத்தில் ராமநாதபுரம் படித்துறையில் இன்றைக்கும் பக்தர்கள் பொரி போட, காவிரி மீன்கள் கூட்டமாக வந்து தின்னும், ஒருவரும் கை வைப்பதில்லை. அங்கே ஜீப்பும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

மேகதாது ஒன்று பாக்கி இருக்கிறது. அங்கே 67 டி.எம்.சி. கொள்ளும் அணை கட்டக் கர்நாடகம் கேட்கிறது, தமிழ்நாடு கூடாது என்கிறது. கட்டினால் நீர் தேங்கப் போவது அதே காவிரிச் சரணாலயப் பள்ளத்தாக்கில், வான் இங்கன் காலத்திலிருந்து பேர் போன பாய்ச்சல்களும் மடுக்களும் உள்ள பக்கத்தில். ஓடும் தண்ணீரில் நின்று, வெள்ளத்தில் மேலேறிப் போய் முட்டையிடும் மீனுக்குத் தேங்கிய தண்ணீரில் வேலை இல்லை. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது கீழிருந்து மேலேறும் வழி ஏற்கனவே அடைபட்டாயிற்று. இரு மாநில வக்கீல்களும் கட்டுக் கட்டாகக் காகிதம் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். பெங்களூர்க் குடிநீர், தஞ்சாவூர் நெல், கன அடி, டி.எம்.சி. எல்லாம் அதில் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் ஆரஞ்சுத் துடுப்போடு இன்னும் எத்தனை மீன் மிச்சம் என்று ஒரு நீதிபதி கேட்டால், 2012-க்குப் பிறகு எடுத்துக் கொடுக்க அந்த முகாமில் நோட்டுப் புத்தகம் கூட இல்லை.